நடு மேளம்

ரசீன், விஸ்கான்சின்
ஜனவரி 10, 1982

அன்புள்ள சிக்னே கண்ணுக்கு,

இதையெல்லாம் நான் முன்கூட்டியே சொன்னவன். நீ தொட்டிலில் கிடந்து பலகையைக் காலால் உதைத்தபோதே, "இது அழுகை இல்லை, தாளம்" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சாட்சிக்கு ஒரு நர்ஸ் இருந்தாள். பாவம், போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. நீ நெப்ராஸ்கா போய்ச் சேர்ந்து சூடாக ஏதாவது சாப்பிட்டாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். உன் அப்பா எதுவும் கேட்கச் சொல்லவில்லை. நீ பஸ் ஏறிய பிறகுதான் அவருக்கு விஷயம் தெரியும். பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேளம் அடிச்சு ஊரைக் கூட்டலாம். வயிறு நிறையுமாடா? இருபத்தியொண்ணு முடிஞ்சா மேளப் படைக்காரங்களே வெளிய தள்ளிடறாங்கல்ல. அப்புறம் எதுக்கு அந்த வாசல்லயே நிக்கிறா?"

"அடிக்கத்தான் வயசு அத்தான். சொல்லித் தர்றதுக்கு வயசு கிடையாது."

"அதுக்குச் சம்பளம் எவன் தர்றான்?"

"ஆகஸ்ட் வரைக்கும் பாருங்க. அவ மேளக்காரங்களை வெச்சு அந்தப் படை போட்டியில கடைசிச் சுத்துப் பன்னிரண்டுல நின்னா, வருஷம் பூரா வேலை அவளுக்கு. நிக்கலேன்னா என் மீசையை எடுத்துடறேன்."

"செப்டம்பர்ல அவ இங்க அடுப்பு முன்னாடி நிப்பா. உன் மீசையைக் கூட்டித் தள்ளறதுதான் அவளுக்கு முதல் வேலை."

சொல்லிவிட்டுப் பாதாம் போட்ட கிரிங்கிள் ரொட்டித் தட்டை என் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார். அவருடைய ரொட்டி வேனை ஓட்டிப் பிழைக்கிறவன் நான், வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆனால் மனதுக்குள் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும்.

கவலைப்படாதே. 1954-இல் வேலி தாண்டிக் குதித்தவனின் மருமகள் நீ.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தோற்கடித்த உன் மாமா,
ஐனார்

*

கிராண்ட் ஐலண்ட், நெப்ராஸ்கா
பிப்ரவரி 21, 1982

அன்புள்ள மாமா,

நான் நலம். கை இரண்டும் நலம், அதுதான் முக்கியம். உங்கள் முழங்காலுக்கு அம்மாவைச் சூடு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆணிக்கடைக்கு மேலே ஒரு அறை கிடைத்திருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை சுற்றுப்பட்ட பள்ளிகளுக்குப் பழைய காரில் போய்ப் பிள்ளைகளுக்குக் குச்சி பிடிக்கக் கற்றுத் தருகிறேன். அறை வாடகைக்கு அது. சனியும் ஞாயிறும் எங்கள் படைக்கு. சாண்ட்ஹில் லேன்சர்ஸ் என்று பெரிய பெயர்தான். பனியில் உறைந்த பள்ளி ஜிம்னாசியத்தில் கோட்டோடு நின்று அடிக்கிறோம்.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் இன்னொரு தொழிலும் செய்கிறார்கள் மாமா. ஊதுகுழல் சொல்லித் தருகிறவர் பல் வைத்தியர். மைதானத்தில் அணிநடை வகுத்துக் கொடுக்கிறவர் தபால்காரர். மேளமே பிழைப்பு என்று சொல்லிக்கொள்ள முடிந்தவர் படைத் தலைவர் மெர்ல் டீட்ஸ் மட்டும். அவருக்கு அடுத்தபடி ஒரே ஓர் இடம் இருக்கிறது. அது எனக்கு வேண்டும். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை இதையே யோசிக்கிற ஆளாக இருக்க எனக்கு ஆசை. அப்பாவுக்கு இது பைத்தியமாகத் தெரியும். அவரும் கிரிங்கிளைப் பற்றி அப்படித்தான் யோசிக்கிறார் என்று அவரிடம் சொல்லாதீர்கள்.

ஒரு பையன் இருக்கிறான், கர்டிஸ். ஸ்னேர் என்கிற சிறு மேள வரிசை ஒன்பது பேருக்கும் அவன்தான் நடு. மற்ற எட்டுப் பேரும் காதை உள்பக்கம் திருப்பி அவனைக் கேட்டுத்தான் அடிக்கிறார்கள். அவன் அடி அசையாது.

அன்புடன்,
சிக்னே

*

ரசீன்
மார்ச் 14, 1982

அன்புள்ள சிக்னேவுக்கு,

சுகம், சுகம். ஒத்தடம் கொடுத்தாயிற்று. வெந்நீரை விட உன் அம்மாவின் வாய்தான் சூடு.

உன் கடிதத்தைப் பேக்கரியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சில இடங்களில் உன் கையெழுத்து புரியாததால் நானே நிரப்பிக்கொண்டேன். இப்போது ஊரில் நீ மேற்குப் பகுதி மேளங்கள் அனைத்துக்கும் தலைமை. நீ வசிப்பது ஆணிக்கடை மாடி இல்லை, ஏரி பார்த்த வீடு. உன் அப்பா காது கேட்காதவர் போல் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், "அந்த வீட்டுல அடுப்பு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இளகுகிறார் என்று நினைக்கிறேன்.

நடுப் பையனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள். நடு போனால் வரிசை போச்சு. எனக்குத் தெரியாததா?

உன் மாமா,
ஐனார்

*

கிராண்ட் ஐலண்ட்
மே 30, 1982

அன்புள்ள மாமா,

எல்லோரும் நலமா? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. நேரம் இல்லை, அதனால் சிறிய கடிதம்.

பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டார்கள். ஜிம்னாசியத் தரையில் படுக்கை, புல்வெளியில் நாள் முழுக்க நடை. கர்டிஸ் அடிக்கும்போது வரிசை முழுவதும் ஒரே ஆள் மாதிரி கேட்கிறது. நேற்று மெர்ல் தோளில் தட்டி, "பன்னிரண்டுக்குள்ள வந்துட்டா அந்த நாற்காலி உனக்குத்தான், பொண்ணு. வரலேன்னா நீயும் எனக்குக் கிடையாது, நானே இருப்பேனான்னு தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

ஜூன் முதல் சாலையில் இருப்போம். நாங்கள் தங்கப்போகும் பள்ளிகளின் முகவரிகளை இதோடு வைத்திருக்கிறேன். அங்கே எழுதுங்கள்.

சிக்னே

*

டல்சாவுக்கு வெளியே ஒரு பள்ளி
ஜூலை 8, 1982

அன்புள்ள மாமா,

நான் நலம். கர்டிஸ் நலமில்லை.

ஓய்வு நாளில் பையன்கள் காலுறையோடு ஜிம்னாசியத் தரையில் யார் அதிக தூரம் வழுக்குவது என்று பந்தயம் வைத்தார்கள். அவன் சுவர்வரைக்கும் வழுக்கினான். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு அவனைப் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம்.

நடு காலி. பாதிப் பயணத்தில் நடையை மாற்றி வகுக்க முடியாது, எல்லோருடைய அடியும் மாறிவிடும். ஓட்டையை ஓட்டையாகவே விட்டு நடக்கிறோம். ஆனால் அந்த இடத்தின் இரண்டு பக்கத்துப் பையன்களும் தெரியாமலே ஒருவரை நோக்கி ஒருவர் நெருங்குகிறார்கள். தாளம் முந்தி ஓடுகிறது. நடுவர்கள் வரிசைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, பிசகும் ஒவ்வொரு அடிக்கும் பென்சிலால் கோடு கிழிக்கிறார்கள். நேற்று ஒருவர் பென்சிலைக் காகிதத்திலிருந்து எடுக்கவே இல்லை.

பதினான்காவது இடத்தில் இருக்கிறோம்.

மெர்ல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கர்டிஸ் சட்டை உனக்குச் சரியா இருக்கும். தொப்பியை இறக்கிவிட்டா யாருக்கு யாரு?" என்றார். எனக்கு இருபத்திரண்டு என்று நினைவுபடுத்தினேன். "மாட்டினாத்தானே வயசு?" என்றார். மாட்டினால் படையின் மொத்தப் புள்ளியும் அழிந்துவிடும், அப்புறம் எந்தப் படையும் என்னை வாசலில்கூட நிறுத்தாது. அது அவருக்கும் தெரியும். நான் சிரித்து வைத்தேன்.

சிக்னே

*

ரசீன்
ஜூலை 13, 1982

அன்புள்ள சிக்னேவுக்கு,

அந்தப் பையனுக்கு நான் அடிபட்டபோது பூசிய களிம்பின் பெயரை அனுப்புகிறேன். அதைப் பூசினால் கரடிக்குக்கூட எலும்பு கூடும். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம்.

பதினான்கு என்றால் என்ன? 1954-இல் எங்கள் நிலைமை இதை விட மோசம். எனக்கு வயது தாண்டி, மைதானத்து வேலி ஓரம் வறுத்த சாஸேஜ் விற்றுக்கொண்டிருந்தேன். எங்கள் படை உள்ளே வருகிறது, நடு மேளக்காரன் இல்லை. பார்த்தேன். ஏப்ரனை அவிழ்த்தேன். வேலியை ஒரே தாவு. யாருடைய சட்டையையோ மாட்டி, தொப்பியை மூக்குவரை இறக்கினேன். மீசை மட்டும்தான் வெளியே. மேளத்தைத் தொட்டதும் கூட்டம் எழுந்து நின்றது பார், ஆளுநரின் மனைவி குடையைக் கீழே போட்டுவிட்டாள்! ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். துணிந்தவன் அடித்தால் பென்சில் ஓடாது, கண்ணு.

உன் அப்பா நேற்று பேக்கரிச் சுவரில் நீங்கள் போகிற ஊர்களின் வரைபடத்தை ஒட்டியிருக்கிறார். கேட்டால், "சுவத்துல ஈரம், அதான்" என்கிறார்.

மாமா

*

அஞ்சலட்டை, லிட்டில் ராக்
ஜூலை 19

மாமா,

யார் சட்டை அது? கை நீளம் சரியாக இருந்ததா? கடைசியில் எல்லாப் படைகளும் புள்ளி கேட்க வரிசையாக நிற்கும்போது நீங்களும் நின்றீர்களா? யாரும் முகத்தைப் பார்க்கவில்லையா? ஆகஸ்டுத் தகுதிச் சுற்று ஒஹையோவில். அதற்கு முன் பதில் போடுங்கள்.

சி.

*

ரசீன்
ஜூலை 22, 1982

சிக்னே,

உன் அட்டையில் நலம் விசாரிப்பு இல்லை. முழங்காலைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. சட்டையின் கை நீளம் கேட்கிறாய். வேனைச் சாலையோரம் நிறுத்தி மறுபடி படித்தேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். "யோவ், தூங்கிட்டியா?" என்றான். கையை ஆட்டி அவனுக்கு வழிவிட்டேன். நான்!

நன்றாகக் கேள். நான் குதிக்கவில்லை.

வேலி ஓரம் சாஸேஜ் விற்றது நிஜம். நடு காலியாக இருந்தது நிஜம். நடுவில் நிற்க வேண்டிய ஆர்வில்லுக்குப் புட்டாளம்மை, தொண்டை வீங்கி வீட்டில் கிடந்தான். ஏப்ரனை அவிழ்த்தேன், வேலியில் கையும் வைத்தேன். அதோடு சரி. எங்கள் மேள ஆசான் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். படை ஓட்டையோடு நடந்தது.

எப்படி நடந்தது என்று கேள், அதுதான் விஷயம். ஆசான் பையன்களிடம் சொன்னார்: "அங்க ஆர்வில் நிக்கிறான். அவன் தோள் உங்க தோள்ல இடிக்கும், விலகி நில்லுங்க. அவன் அடிக்கிறது உங்களுக்குத் தெரியும், எத்தனை மாசம் கேட்டிருக்கீங்க? அதைக் கேட்டு அடிங்க." அவ்வளவுதான். எட்டுப் பேரும் காலி இடத்தை நோக்கிக் காதைத் திருப்பினார்கள். வரிசை அசையவில்லை. நடுவர் அந்த ஓட்டையின் முன்னாலேயே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு. ஆள் இருந்து ஜெயித்ததை விட அது பெரிது. அந்தப் பத்தில் ஒரு பங்குப் புள்ளி அதற்குத்தான் வந்தது.

சட்டையைத் தொடாதே.

இதே கடிதத்தை நீங்கள் தங்கப்போகும் மூன்று பள்ளிகளுக்கும் அனுப்புகிறேன். ஏதாவது ஒன்றாவது உன்னைப் பிடிக்கும்.

ஐனார் மாமா

*

ரசீன்
ஆகஸ்ட் 4, 1982

சிக்னே,

பதில் இல்லை. ஒஹையோப் பள்ளிக்குப் போன் போட்டேன். துப்புரவுக்காரர் எடுத்தார். "மேளமா? சார், பத்து நாளா ஊரே மேளம். இதுல எந்த மேளம் உங்களுது?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டதாகச் சொன்னார். பென்சில் சத்தம் கேட்கவில்லை.

உன் அம்மா, "என்னடா, அவ கடிதத்தை வாசிக்கவே மாட்டேங்கிற?" என்கிறாள். எழுத்து அழிந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் அப்பா வரைபடத்தில் ஒஹையோமேல் மாவு விரலை வைத்துவிட்டு, "மச்சான், உனக்கு ஏதோ தெரியும்" என்றார். தெரியாது என்றேன். என் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் குறைத்துச் சொன்னேன்.

ஒரு வரி போதும். நலம் என்று மட்டும்.

மாமா

*

டெய்ட்டன், ஒஹையோ
ஆகஸ்ட் 16, 1982

அன்புள்ள மாமா,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? முதலில் இதைக் கேட்டுவிட்டேன், பாருங்கள்.

முதல் பள்ளியில் கடிதம் வரவில்லை. தகுதிச் சுற்று நாளன்று நண்பகல், பஸ்ஸுக்குப் பின்னால் மெர்ல் கர்டிஸின் சட்டையை நீட்டினார். "முடிவு உன்னுது. நான் திரும்பிப் பார்க்கல" என்றார். முதுகைக் காட்டி நின்றார். உங்கள் பழைய கதைதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டினேன். கழுத்துப் பட்டன் வரை போட்டுவிட்டேன். கை நீளம் சரியாக இருந்தது மாமா.

அப்போது எங்கள் சமையல் வண்டியில் சமைக்கிற பியூலா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். "சிக்னே, ஆபீஸ்ல உனக்குக் கடுதாசி கெடக்குதாம். துப்புரவுக்காரர் ரெண்டு நாளா என்னைப் பிடிச்சு நச்சரிக்கிறார். எங்கடி போற இந்தச் சட்டையோட?" என்றாள். அந்தச் சட்டையோடுதான் நின்று படித்தேன். படித்து முடித்ததும் கழற்றி மெர்ல் தோளில் போட்டேன். "நடு காலியாத்தான் போகும்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

பையன்களைக் கூப்பிட்டு உங்கள் ஆசான் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். கண்ணை மூடச் சொன்னேன். "கர்டிஸ் கேக்குதா?" என்றேன். லோவெல் என்ற பையன், "கேக்குதுக்கா, வழக்கம்போல நம்மளைத் திட்டிக்கிட்டே அடிக்கிறான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடே உள்ளே போனார்கள்.

நான் வேலி ஓரம் நின்றேன். வேலியில் கை வைத்திருந்தேன். வரிசை திரும்பும் இடத்தில், எப்போதும் நெருங்குகிற அந்த இடத்தில், ஓட்டை ஓட்டையாகவே திரும்பியது. ஒரு ஆள் அகலம், இம்மி குறையவில்லை. அங்கே யாரோ நடக்கிற மாதிரியே இருந்தது. நடுவர் அதன் முன்னால் மண்டியிட்டார். பென்சில் ஓடியது, ஆனால் மெதுவாக.

பதின்மூன்றாவது இடம்.

அந்த நாற்காலி போய்விட்டது மாமா. மெர்ல் கை கொடுத்தார், அதோடு முடிந்தது. பஸ்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் வழிமறித்தார். இல்லினாயில் ஒரு சின்னப் படையின் தலைவர். "காலி இடத்துக்கு அடிக்கச் சொல்லிக்கொடுத்தது யாரும்மா?" என்றார். நான்தான் என்றேன். "ஆள் இருந்தா எவனும் சொல்லித் தருவான்" என்றார். வருஷம் முழுக்க வேலை, அக்டோபரில் தொடக்கம். மேளம் சொல்லித் தர வேண்டும், சாமான் லாரி ஓட்ட வேண்டும், படைக்குப் பணம் சேர்க்க வாரம் மூன்று நாள் மாதா கோயில் கூடத்தில் பிங்கோ சீட்டாட்டம் நடத்த வேண்டும். இதுதான் மாமா முழுநேர மேளம். சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் நானே சொல்கிறேன். நீங்கள் ஏரி வீடு எதுவும் சேர்க்காதீர்கள்.

ஒரு சந்தேகம். உங்கள் மூன்றாவது கடிதமும் நேற்று கையில் கிடைத்தது. அதில் நடுவில் நிற்க வேண்டியவன் பெயர் செஸ்டர். புட்டாளம்மை இல்லை, சைக்கிளில் விழுந்து கால் முறிவு. ஒரே கடிதம் என்றீர்களே?

அன்புடன்,
சிக்னே

*

ரசீன்
ஆகஸ்ட் 22, 1982

அன்புள்ள சிக்னே கண்ணுக்கு,

நான் முன்பே சொன்னேனா இல்லையா? பதின்மூன்றைக்கூட மனதுக்குள் சொல்லியிருந்தேன். வீட்டில் எல்லோரும் சுகம், முழங்கால் உள்பட.

நீ போனில் பேசி வைத்ததும் உன் அப்பா அரைமணி நேரம் அடுப்புப் பக்கமே போகவில்லை. பிறகு, "பிங்கோ கூடத்துல தின்ன என்ன கொடுப்பாங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "வாராவாரம் கிரிங்கிள் ஏத்திக்கிட்டுப் போ. இல்லினாய் ஒண்ணும் தூரம் இல்ல" என்றார். மீசையை என்ன செய்வது என்றேன். "பன்னிரண்டுன்னு சொன்னே, பதிமூணு வந்துது. எடு" என்றார். எடுத்துவிட்டேன். கண்ணாடியில் எவனோ நிற்கிறான்.

இப்போது செஸ்டர். சரி, எழுதிவிடுகிறேன்.

1954-இல் நான் குதித்தேன், கண்ணு. முதல் கதைதான் நடந்தது, முடிவைத் தவிர. என்னிடம் சாஸேஜ் வாங்கித் தின்ற போட்டி அதிகாரி ஒருவர், கடைசியில் புள்ளி கேட்க வரிசையாக நிற்கும்போது என் முன்னால் வந்து நின்றார். "கடுகு அதிகமா வெச்சியேடா நீ" என்றார். மீசையை அடையாளம் கண்டுவிட்டார், அத்தனை பையன்களில் மீசை எனக்கு மட்டும்தான். படையின் மொத்தப் புள்ளியையும் அழித்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. ஆளுநரின் மனைவி வரவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை உன் அப்பாவின் வேனில் ஏறினேன்.

இதை ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பாய். எழுதியிருந்தால், "மாமாவுக்கு மீசை இருந்தது, எனக்கு இல்லை, நான் மாட்ட மாட்டேன்" என்று நினைத்திருப்பாய். குதித்த அன்று நானும் அப்படி எதையோதான் நினைத்தேன்.

அதனால் ஆர்வில்லை உண்டாக்கினேன். அடுத்த கடிதம் எழுதும்போது அவன் பெயர் மறந்துவிட்டது, செஸ்டர் ஆக்கிவிட்டேன். ஆசான் தலையை ஆட்டியது, காலி இடத்தைக் கேட்டு அடித்தது, காதில் செருகிய பென்சில், எல்லாம் ரொட்டித் தட்டுகளை இறக்கும்போது எனக்குத் தோன்றியவை. எந்தப் படையும் எந்த மைதானத்திலும் அப்படி அடித்ததை நான் பார்த்ததில்லை. அது சுத்தக் கட்டுக்கதை, இந்த மாதம் ஒஹையோவில் நீ நடத்திக் காட்டுகிறவரைக்கும்.

மீசையில்லா உன் மாமா,
ஐனார்